பூட்டியது யார், திறந்தது யார்?

1978 ஜூன் 9ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி என்கிற ஊரிலிருந்து ஒரு அறிவிப்பு வெளியானது. வெளியிட்டது, மார்மன்கள் என்று உலகம் கூப்பிடுகிற சபை. முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பலும் அவருடைய இரண்டு ஆலோசகர்களும் கையெழுத்துப் போட்ட கடிதம் அது. கடவுள் எங்கள் ஜெபத்தைக் கேட்டார், தம் சித்தத்தை வெளிப்படுத்தினார், இனிமேல் தகுதியுள்ள ஆண்கள் எல்லாருக்கும் இனம் நிறம் பார்க்காமல் ஆசாரியத்துவம் கொடுக்கலாம் என்பது கடிதத்தின் சாரம். அன்றைக்கு வரைக்கும் கறுப்பர்களுக்கு அது கிடையாது. 1852இலிருந்து கணக்குப் போட்டால் 126 வருஷம் கிடையாது.

ஆசாரியத்துவம் என்றவுடன் அங்கி போட்ட சாமியாரை நினைக்க வேண்டாம். மார்மன் சபையில் அது ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் உரியது. அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயது ஆன பையனுக்கு அதன் முதற்படி கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் அந்தப் பையன்கள்தான் அப்பத்தையும் தண்ணீரையும் வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டு போவார்கள். கறுப்புப் பையன் உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடலாம். எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அவன் வளர்ந்து தகப்பனானால் தன் பிள்ளைக்குத் தன் கையால் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. உள்ளூர்ச் சபைக்குத் தலைவனாக முடியாது. அவனும் சரி, அவன் மனைவியும் சரி, ஆலயத்துக்குள் நடக்கிற உயர்ந்த சடங்குகளில் கலந்துகொள்ள முடியாது. அந்தச் சடங்குகளில்தான் புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் மரணத்துக்குப் பிறகும் ஒன்றாக இருப்பதற்கு முத்திரை போடப்படுகிறது என்பது அவர்கள் விசுவாசம். ஆக, இந்தத் தடை இந்த உலகத்தோடு நின்றுவிடவில்லை. மறு உலகத்திலும் ஒரு வேலி போட்டது.

கடவுள் உண்டா இல்லையா, அன்றைக்கு அவர் பேசினாரா பேசவில்லையா என்பதல்ல என் கேள்வி. அது விசுவாசிக்கிறவர்களின் பாடு. 'கடவுள் சொன்னார்' என்கிற வாக்கியம் மண்ணில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. ஒரு அநியாயம் முடிவுக்கு வரும்போது அந்த வாக்கியத்தை நடுவில் வைத்தால், அநியாயத்துக்குப் பொறுப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது? பிறப்பைக் காட்டிப் பூசை உரிமையை மறுக்கிற ஏற்பாடு எப்படி இருக்கும் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஏற்பாடு ஒன்று நல்லபடியாக முடிந்துபோனது என்று சொல்லப்படுகிற இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பது நமக்கு அவசியம்.

முதலில் அந்தச் சபையின் கட்டமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்கிற இருபத்துநாலு வயது இளைஞர் தொடங்கிய சபை இது. மற்ற கிறிஸ்தவ சபைகள் பைபிளோடு கடவுளின் பேச்சு முடிந்துவிட்டது என்று மூடிவைத்த புத்தகத்தை இவர்கள் திறந்தே வைத்தார்கள். கடவுள் அன்றைக்குப் பேசினார், இன்றைக்கும் பேசுகிறார், நாளைக்கும் பேசுவார். யாரிடம் பேசுவார்? தனிமனிதர்களுக்கு அவரவர் வாழ்க்கை குறித்து வெளிப்பாடு வரலாம். சபை முழுவதுக்கும் என்றால் தலைவர் வழியாகத்தான். தலைவர் என்றால் வெறும் நிர்வாகி இல்லை, தீர்க்கதரிசி. அவருக்கு அடுத்து பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். தலைவர் இறந்தால் அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவர் அடுத்த தலைவர். சபையார் கை தூக்கி ஆதரவு தெரிவிப்பார்கள். போட்டி கிடையாது.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. 1890இல் அப்போதைய தலைவர் வில்ஃபோர்டு உட்ரஃப், சபைத் தலைவர் மக்களை வழிதவற நடத்துவதைக் கர்த்தர் ஒருக்காலும் அனுமதிக்க மாட்டார் என்று சொன்னார். அந்தப் பேச்சு இன்றைக்கும் அவர்களுடைய வேதநூலோடு சேர்த்து அச்சிடப்படுகிறது. இதன் அர்த்தம் என்ன? விதி மாறலாம், ஆனால் விதி போட்டவர் தப்பு செய்திருக்க முடியாது. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் குடித்தனம் நடத்துவது எப்படி? அங்கேதான் வெளிப்பாடு என்கிற சொல் வந்து உதவுகிறது.

இனி பூட்டுப் போட்ட கதைக்கு வருவோம். ஜோசப் ஸ்மித் காலத்தில் எல்லாருக்கும் பொதுவான தடை என்று ஒன்று இருந்ததற்குச் சான்றில்லை. எலைஜா ஏபல் என்கிற கறுப்பருக்கு 1836இல் ஆசாரியத்துவம் கொடுக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த வாக்கர் லூயிஸ் என்கிற கறுப்பரும் அதைப் பெற்றிருந்தார். 1844இல் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. அடுத்து வந்த பிரிகாம் யங் மக்களைக் கூட்டிக்கொண்டு மேற்கே யூட்டா பாலைவனத்துக்குப் போனார். 1852இல் யூட்டா பிரதேசச் சட்டமன்றத்தில், கறுப்பர்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்தார். கறுப்பர்களை அடிமை வேலைக்கு வைத்துக்கொள்ள இடம் கொடுத்த சட்டமும் அதே வருஷம் அதே மன்றத்தில் நிறைவேறியது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கணும்.

அவர் தம் அதிகாரத்தின் பேரில் பேசினார். காயீனின் சாபத்தைக் காட்டினார். ஆனால் 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று எழுதிப் பதிவுசெய்த வெளிப்பாடு ஒன்றும் இல்லை. வேதநூலில் சேர்க்கப்படவில்லை. சபையாரின் ஓட்டுக்கும் விடப்படவில்லை. பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. கறுப்பர்கள் ஆபேலைக் கொன்ற காயீனின் வம்சம். நோவாவின் மகன் காமின் வம்சம். பிறப்பதற்கு முன்பிருந்த ஆவி உலகத்தில் நடந்த போரில் அவர்கள் கடவுள் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். முன்பிறவிப் பாவம் என்கிற சரக்கு ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை போலும். விதி முதலில் வந்தது. காரணம் பின்னால் வந்தது. கடவுள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தார்: 1949 ஆகஸ்டில் சபைத் தலைமை எழுத்துமூலமாகச் சொன்னது, இது கொள்கை அறிவிப்பு அல்ல, கர்த்தரின் நேரடிக் கட்டளை என்று.

நடுவில் ஒரு இடைஞ்சல் இருந்தது. எலைஜா ஏபல் உயிரோடு இருந்தார். தச்சுவேலை தெரிந்த மனிதர். ஆசாரியத்துவம் பெற்றதற்கான சான்றிதழும் கையில் வைத்திருந்தார். 1879இல் விசாரித்தபோது அப்போஸ்தலர் ஜோசப் எஃப். ஸ்மித் அந்தச் சான்றிதழ்களுக்குச் சாட்சி சொன்னார். ஏபலின் பதவியைப் பறிக்கவில்லை. ஆனால் ஆலயச் சடங்குக்கான அவருடைய வேண்டுகோளை மறுத்துவிட்டார்கள். சபைக்காக ஊழியப் பயணம் போய்த் திரும்பி 1884இல் அவர் செத்துப்போனார். 1908இல் அதே ஜோசப் எஃப். ஸ்மித், இப்போது சபைத் தலைவராக, ஏபலின் ஆசாரியத்துவத்தை ஸ்தாபகரே செல்லாது என்று சொல்லிவிட்டார் என்று பேசினார். செத்தவன் எழுந்து வந்து சான்றிதழைக் காட்டவா போகிறான்?

ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்கிற பெண்ணின் கதை இதைவிடக் கனமானது. கனெக்டிகட்டில் அடிமையாக இல்லாமல் பிறந்த கறுப்புப் பெண். 1843இல் குடும்பத்தோடு இல்லினாயில் இருந்த மார்மன் ஊருக்குக் கிளம்பினார். நடுவழியில் படகில் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த சுமார் 800 மைலை நடந்தே கடந்தார்கள். ஜோசப் ஸ்மித் வீட்டில் வேலை செய்து வாழ்ந்தார். 1847இல் யூட்டாவுக்கு வந்த முதல் ஆட்களில் ஒருவர். வயதான காலத்தில் ஆலயச் சடங்கு வேண்டும் என்று தலைவர்களுக்குத் திரும்பத் திரும்ப மனுப் போட்டார். 1884இல் அனுப்பிய கடிதத்தில் அவர் கேட்டது: ஆபிரகாமின் சந்ததியில் பூமியின் ஜனங்கள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்றால் எனக்கு மட்டும் ஒரு ஆசீர்வாதமும் இல்லையா? கடைசியில் 1894இல் ஒரு சடங்கு நடந்தது. நித்தியத்துக்கும் ஜோசப் ஸ்மித் குடும்பத்தின் ஊழியக்காரியாக அவருக்கு முத்திரை போட்டார்கள். அந்தச் சடங்குக்குக் கூட அவரை ஆலயத்துக்குள் விடவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார். மோட்சத்திலும் வேலைக்காரி. அது போதாது என்று ஜேன் அதன் பிறகும் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். 1908இல் இறந்தார்.

இதெல்லாம் எப்படி மாறியது? வானத்திலிருந்து திடீரென்று விழவில்லை. 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் இருந்த 14 கறுப்பு மாணவர்கள், மார்மன் பல்கலைக்கழகத்தோடு விளையாடும் ஆட்டத்தில் கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். கேட்டதற்கே பயிற்சியாளர் அத்தனை பேரையும் அணியிலிருந்து நீக்கினார். அடுத்த மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இனி அந்தப் பல்கலைக்கழகத்தோடு விளையாட்டுப் போட்டி வைத்துக்கொள்வதில்லை என்று அறிவித்தது. சபைக்குள்ளேயே கேள்விகள் எழுந்தன. 1973இல் லெஸ்டர் புஷ் என்கிற மார்மன் மருத்துவர் 'டயலாக்' என்ற இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். ஆவணம் ஆவணமாகத் தோண்டி, இந்தத் தடை ஸ்தாபகரிடமிருந்து வரவில்லை, இதற்கு மூலமான வெளிப்பாடு எதுவும் பதிவில் இல்லை என்று காட்டினார்.

பிறகு பிரேசில். அங்கே யார் கறுப்பர், யார் வெள்ளையர் என்று கோடு கிழிப்பது நடக்கிற காரியமா? பாட்டன் பூட்டன் வரைக்கும் ஆப்பிரிக்க ரத்தம் இருக்கிறதா என்று வம்சாவளி பார்த்துத்தான் ஆசாரியத்துவம் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த நிலைமையில் 1975இல் சாவோ பாவ்லோ நகரத்தில் ஆலயம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். 1972இல் சபையில் சேர்ந்த கறுப்பர் எல்வேசியோ மார்டின்ஸும் அவர் மனைவியும் தாங்கள் உள்ளே போக முடியாத அந்த ஆலயத்துக்காக உழைத்தார்கள். ஆலயம் திறக்கப்பட்டது 1978 அக்டோபர் 30. வெளிப்பாடு வந்தது 1978 ஜூன் 1. ஐந்து மாதம் முன்னால்.

இந்த இடத்தில் நக்கலாகச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். 'பார்த்தீங்களா, சாமி சரியான நேரம் பார்த்துப் பேசிருச்சு' என்று சொல்லிவிடலாம். நான் அதைச் செய்ய விரும்பவில்லை. கிம்பல் மாதக்கணக்கில் தனியாக ஆலயத்துக்குப் போய் மண்டியிட்டதாக அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் நடிக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் தாங்கள் அனுபவித்ததைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசினார்கள். சபையின் கறுப்பு உறுப்பினர்கள் அந்தச் செய்தியைக் கேட்டு அழுததும் உண்மை. நெருக்கடி வந்தபோது மனிதன் ஜெபிப்பதும், ஜெபத்தில் தெளிவு வந்தது என்று உணர்வதும் பொய் என்று சொல்ல நான் யார்?

அது மட்டுமல்ல, அவர்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. புத்தகத்தை மூடிவைத்த மதம் மாற முடியாமல் தவிக்கிறது. எங்கள் புத்தகம் திறந்திருப்பதால்தான் ஒரே நாளில், சபை பிளவுபடாமல் மாற முடிந்தது என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. சாஸ்திரங்களின் புனிதத்தன்மையை உடைக்காமல் சாதி நடத்தையை மட்டும் திருத்த முடியாது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். புனிதமே முன்வந்து தன்னைத் திருத்திக்கொள்ளுமானால் நல்லதுதானே, அந்த வேலை சுலபமாகிவிடாதா என்று தோழர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

என் பதில் இது. புனிதம் தன்னைத் திருத்திக்கொண்டதா, அல்லது தன்னைக் காப்பாற்றிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

பூட்டையும் சாவியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டுப் போட ஒரு வெளிப்பாடும் தேவைப்படவில்லை. பிரிகாம் யங்கின் பேச்சு போதும், வழக்கம் போதும், அதற்குமேல் நாலு வியாக்கியானம் போதும். திறக்க மட்டும் கடவுளே நேரில் வர வேண்டும். 2013இல் சபையே தன் வேதநூலின் புதிய பதிப்பில் ஒரு முன்குறிப்புச் சேர்த்தது: இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பது பற்றிச் சபை ஆவணங்கள் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் இதை மாற்ற வெளிப்பாடு தேவை என்று தலைவர்கள் நம்பினார்கள். மனுசன் போட்ட பூட்டைத் திறக்க மனுசன் கை போதாதா? எது புனிதம் என்கிற தராசு இங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. விலக்கிவைப்பது தானாகவே புனிதமாகிவிடுகிறது. சேர்த்துக்கொள்வதற்கு மட்டும் பரலோகத்திலிருந்து கையெழுத்து வேண்டும்.

அடுத்து, முன்கூட்டியே சொன்னவர்கள் என்ன ஆனார்கள்? 1976 ஏப்ரலில் டக்ளஸ் வாலஸ் என்கிற வெள்ளை வழக்கறிஞர் ஒரேகான் மாநிலத்தில் ஒரு கறுப்பருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அங்கேயே ஆசாரியத்துவமும் கொடுத்தார். அதே மாதத்தில் சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1977 அக்டோபரில் சபையின் பொது மாநாட்டில் தலைவருக்கு ஆதரவு கேட்டபோது பைரன் மார்ச்சன்ட் என்பவர் எதிர்த்துக் கை தூக்கினார், இந்தத் தடைக்காகவே. சில நாட்களில் அவரும் விலக்கப்பட்டார். எட்டு மாதம் கழித்து அவர் கேட்டது நடந்தது. அவர் செய்த குற்றம் என்ன? எட்டு மாதம் முந்திக்கொண்டது. உண்மை கீழேயிருந்து வந்தால் கலகம். அதே உண்மை மேலேயிருந்து வந்தால் வெளிப்பாடு.

1978 ஆகஸ்டில் அப்போஸ்தலர் புரூஸ் மெக்கான்கி பேசினார். காயீன் வம்சக் கதையைப் புத்தகத்தில் எழுதிப் பரப்பியவர் அவர். நானும் பிரிகாம் யங்கும் மற்றவர்களும் முன்னே சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசிவிட்டோம் என்றார். மற்றவர்கள் இந்த அளவுக்குக் கூடச் சொல்லவில்லை என்பதால் இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் வெளிச்சம் குறைவு என்றால் என்ன? விளக்கை அணைத்துவைத்தது யார்? 1836இல் எரிந்துகொண்டிருந்த விளக்குதானே? 2013 டிசம்பரில் சபை ஒரு நீண்ட விளக்கக் கட்டுரை வெளியிட்டது. கறுப்புத் தோல் சாபத்தின் அடையாளம் என்கிற பழைய வியாக்கியானங்களை எல்லாம் கைவிடுவதாகவும், எல்லா வகை இனவெறியையும் கண்டிப்பதாகவும் சொன்னது. நல்ல கட்டுரை. அதில் மன்னிப்பு என்கிற சொல் இல்லை.

தமிழ் படித்தவன் என்கிற முறையில் ஒரு இலக்கணக் குறிப்பு. இந்த வரலாறு சொல்லப்படுகிற வாக்கியங்களைப் பாருங்கள். 'கறுப்பர்களுக்கு ஆசாரியத்துவம் கொடுக்கப்படாமல் இருந்தது.' 'கடவுள் தம் சித்தத்தை வெளிப்படுத்தினார்.' முதல் வாக்கியத்தில் வினைமுதல் எங்கே? ஆளே இல்லை. காரியம் தானாக நடந்திருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் வினைமுதல் கடவுள். விலக்கியவன் பெயர் மறைந்துபோகிறது. சேர்த்துக்கொண்டவர் பெயர் மகிமைப்படுகிறது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இன்னொரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும். 'நாங்கள் அநியாயம் செய்தோம்.' வெளிப்பாடு என்கிற சொல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இதனால் என்ன நட்டம், கதவுதான் திறந்துவிட்டதே என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது. கடன் வேறு, வரம் வேறு. என்னிடமிருந்து பறித்ததை நீ திருப்பிக் கொடுத்தால் அது கடன் தீர்ப்பது. நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை; வட்டி கூடக் கேட்கலாம். அதையே சாமி கொடுத்த வரம் என்று நீ என் கையில் வைத்தால் நான் கும்பிட்டு வாங்க வேண்டும். பழைய கணக்கைப் பேசினால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன். 126 வருஷம் பறிகொடுத்தவர்கள் ஒரே நாளில் பயனாளிகள் ஆகிவிட்டார்கள். பறித்தவர்கள் நல்ல செய்தி கொண்டுவந்தவர்கள் ஆகிவிட்டார்கள். ஏபலின் ஆலய உரிமையை மறுத்த கை, ஜேனின் மனுவைத் திருப்பியனுப்பிய கை, அந்தக் கைகளின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

கணக்குத் தீர்க்காததால் அதே முறை மறுபடியும் நடக்கிறது. 2015 நவம்பரில் சபையின் நிர்வாகக் கையேட்டில் சத்தமில்லாமல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஒரே பாலினத் திருமணம் செய்துகொண்டவர்கள் விசுவாச துரோகிகள். அவர்களோடு வாழ்கிற பிள்ளைகளுக்கு மற்ற மார்மன் பிள்ளைகளைப்போல் எட்டு வயதில் ஞானஸ்நானம் கிடையாது. பதினெட்டு வயதாகி, வீட்டைவிட்டு வெளியேறி, பெற்றோரின் அந்த வாழ்க்கைமுறையை மறுத்துச் சொன்னால் பார்க்கலாம். விதி வெளியே கசிந்தது. சபையார் பலர் கொதித்தார்கள். 2016 ஜனவரியில், அப்போது அப்போஸ்தலர்களில் மூத்தவராக இருந்த ரஸல் நெல்சன், இது கர்த்தரின் மனம், தலைவர் தாமஸ் மான்சன் வழியாக வந்த வெளிப்பாடு என்றார். 2019 ஏப்ரல் 4ஆம் தேதி விதி வாபஸ். அப்போது சபைத் தலைவர் அதே நெல்சன்தான். விதி வந்ததும் அன்பினால், விதி போனதும் அன்பினால் என்று அந்த வருஷம் செப்டம்பரில் விளக்கம் சொன்னார். மூன்றரை வருஷம் பெற்றோருக்கும் சபைக்கும் நடுவில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகளிடம் 'தப்பு நடந்துபோச்சு' என்று சொல்ல அந்த விளக்கத்தில் இடமில்லை. மன்னிப்புக் கேட்பதோ மன்னிப்பைக் கோருவதோ சபையின் வழக்கமில்லை என்று 2015 ஜனவரியில் ஓரினச் சேர்க்கையாளர்கள் பற்றிய பேச்சின்போதே டாலின் ஓக்ஸ் என்கிற மூத்த அப்போஸ்தலர் சொல்லியிருந்தார். நெல்சன் 2025 செப்டம்பரில் இறந்த பிறகு சபைத் தலைவராக வந்தவர் அவர்தான்.

வெளிப்பாடு என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய மரபிலேயே வேறு மாதிரி வெளிப்பாடும் இருக்கிறது. பைபிளில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, குற்றம் செய்தவன் நீதான் என்கிறார். அதை விடுங்கள். ஜோசப் ஸ்மித்துக்கு முதன்முதலில் வந்ததாக எழுதிவைக்கப்பட்ட வெளிப்பாடுகளில் ஒன்று 1828இல் வந்தது. மார்மன் புத்தகத்தின் முதல் 116 பக்கக் கையெழுத்துப் பிரதியை நண்பர் கையில் கொடுத்துத் தொலைத்துவிட்டார் அவர். அப்போது கடவுள் அவரைக் கண்டிக்கிறார், மனிதர்களுக்குப் பயந்து என் பேச்சை மீறினாய் என்று. அந்தக் கண்டனம் அவர்களுடைய வேதநூலில் மூன்றாவது அதிகாரமாக அச்சாகி இருக்கிறது. தீர்க்கதரிசியைப் பார்த்தே 'நீ தப்பு செய்தாய்' என்று சொல்லத் தெரிந்த கடவுள் அது. 116 பக்கம் காகிதம் தொலைந்ததற்குக் கண்டித்த கடவுள், 126 வருஷம் மனிதர்களைத் தொலைத்ததற்குக் கண்டிக்கவில்லை என்றால் நான் எப்படி நம்புவது? கண்டித்திருந்தால் அந்தப் பகுதி ஏன் அறிவிப்பில் இல்லை?

ஆகவே எந்த மதநிறுவனமும், எந்த ஊரிலும், ஆண்டவன் அருளால் இன்றுமுதல் கதவு திறந்திருக்கிறது என்று அறிவித்தால், போகிறவர்கள் போகட்டும். சந்தோசப்படுகிறவர்களைத் தடுக்க வேண்டாம். அவர்கள் காத்திருந்த காலம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய மூன்றைக் கேட்டுவிட வேண்டும். பூட்டியபோதும் ஆண்டவன்தான் சொன்னானா, அதற்கு எழுத்து எங்கே? திறக்கச் சொல்லி முன்பே கத்தியவர்களை என்ன செய்தீர்கள்? பூட்டிய கை யாருடையது என்று உங்கள் அறிவிப்பில் எந்த வரியில் இருக்கிறது?

ஜேன் மேனிங் ஜேம்ஸுக்கு ஆலயச் சடங்கு நடந்தது. 1979இல், அவர் செத்து 71 வருஷம் கழித்து, அவருக்குப் பதிலாக வேறு யாரோ நின்று நடத்தினார்கள். மார்மன் நம்பிக்கைப்படி செத்தவர்களுக்கும் சடங்கு பலிக்கும். பலிக்கட்டும். ஆனால் அந்தச் சபையில் பெண்களுக்கு ஆசாரியத்துவம் இன்றைக்கும் கிடையாது. அதைக் கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லி என்கிற வழக்கறிஞர் 2014 ஜூனில் சபையிலிருந்து விலக்கப்பட்டார். வெளிப்பாடு ஒருநாள் பெண்களுக்கும் வரலாம். வரும் என்று நம்பிக் காத்திருக்கிற பெண்கள் அந்தச் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். அன்றைக்கு வாசிக்கப்படப்போகிற கடிதத்தில் கடவுள் பெயர் கட்டாயம் இருக்கும். கேட் கெல்லியின் பெயர் இருக்குமா?